மோட்டார் வண்டியின் பிரேக்: வரலாறும் வீட்டுச் சோதனையும்

ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைக்கவும் அதை நிறுத்தவும் பயன்படும் அமைப்பு பிரேக். தமிழில் தடுப்பி, நிறுத்தி என்றெல்லாம் எழுதுவதுண்டு. ஆனால் பள்ளத்தூர்ப் பட்டறையிலும் காரைக்குடி பஸ் நிலையத்திலும் வழங்கும் சொல் பிரேக் என்பதுதான். இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது.

காரின் பிரேக்கை ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. மரக்கட்டை, தோல், இரும்புக் கம்பி, எண்ணெய், காற்று, மின்னணு எனப் படிப்படியாக அது வளர்ந்தது. ஒவ்வொரு படியும் பழைய குறை ஒன்றைத் தீர்த்தது. கூடவே புதிய குறை ஒன்றையும் கொண்டுவந்தது. அந்தக் குறைகள்தான் இன்றும் காலில் மெத்தென்றும், காதில் கிரீச்சென்றும், மூக்கில் தீய்ந்த வாடையாகவும் தெரிகின்றன. ஆகவே பிரேக் வளர்ந்த கதையை அறிந்தவருக்கு, கோளாறு எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே ஊகிக்க முடியும். அந்தக் கதையையும் சோதனையையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. ஆற்றல் அழிவதில்லை என்பது பள்ளிப் பாடம். ஆகவே வண்டியை நிறுத்த வேண்டுமானால் அந்த ஆற்றலை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிரேக் அதை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுகிறது.

1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 63 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க இது போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கே இவ்வளவு வெப்பம்.

வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டபின் கார் ஏறத்தாழ 9 மீட்டர் ஓடி நிற்குமானால், அதே பிரேக்கில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 36 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் சுதாரித்துக் காலை வைப்பதற்குள் வண்டி ஓடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு நொடி தாமதித்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் 22 மீட்டர் போய்விடும்.

மாட்டு வண்டிக் காலம்

செட்டிநாடு பெரும்பாலும் சமவெளி. கண்மாய்க் கரை மேடும் ஊருணி இறக்கமும்தான் இங்கே ஏற்ற இறக்கம். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் மாடு நிற்கும். மாடு நின்றால் வண்டியும் நிற்கும். அதாவது இழுக்கும் மாடே பிரேக்காகவும் இருந்தது. பாரம் ஏற்றும் சில வண்டிகளில் மட்டும் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் உரசும்படி ஒரு மரக்கட்டையைப் பொருத்தி, அதைக் கயிற்றால் இழுத்துப் பிடிப்பார்கள். பிரேக் கட்டை என்ற பேச்சு வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. சைக்கிள் பிரேக்கில் உள்ள ரப்பர்த் துண்டையும் நாம் கட்டை என்றுதான் சொல்கிறோம்.

எஞ்சின் வந்ததும் இந்த ஏற்பாடு மாறியது. ஆபத்தைக் கண்டால் மாடு தானே நின்றுவிடும். எஞ்சினுக்கு அந்த அறிவு கிடையாது. நிறுத்துவது ஓட்டுபவரின் தனி வேலையாயிற்று.

தோலும் செம்பும் கல்நாரும்: 1888 முதல் 1908 வரை

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்டில் தம் இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றார். வழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போகவே, வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் வண்டியை நிறுத்திக் கட்டையின் மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். தேயும் பகுதியைத் தனியாக வைத்து, தேய்ந்தபின் அதை மட்டும் மாற்றிக்கொள்வது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இன்றைய பிரேக் லைனிங்குக்கு அதுவே முன்னோடி.

1902-ஆம் ஆண்டு இரு வழிகளைத் திறந்தது. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் வட்டமான டிரம்முக்குள் பிறை வடிவான இரு ஷூக்கள் விரிந்து அழுத்துவது அந்த முறை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிர்மிங்ஹாம் நகரில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் கவ்விப் பிடிப்பது அவருடைய முறை. அவர் பேட்களுக்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தின் மேல் உலோகம் உரசியதால் காது கூசும் சத்தம் எழுந்தது. புழுதிச் சாலையில் செம்பும் சீக்கிரம் தேய்ந்தது.

தேய்மானத்துக்கு விடை தேடியவர் இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பகுதியில் வாழ்ந்த ஹெர்பர்ட் ஃபுரூட். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் படும் பாட்டைக் கண்டு 1897-இல் பிரேக் கட்டைகள் செய்யத் தொடங்கினார். முதலில் பருத்தித் துணி அடுக்குகளைப் பயன்படுத்திய அவர், பின்னர் வெப்பம் தாங்கும் கல்நார் இழைக்கு மாறினார். 1908-இலிருந்து கல்நார் லைனிங் பரவியது. அவர் தொடங்கிய ஃபெரோடோ இன்றும் வழங்கும் பெயர். கல்நார் கொண்டுவந்த கேட்டினைப் பின்னர் காண்போம்.

இக்காலத்தின் பாடம் இரண்டு.

முதலாவது, பிரேக்கில் தேய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது தேய்வது கோளாறன்று, தேய்ந்தபின்னும் மாற்றாமல் ஓட்டுவதே கோளாறு. பல டிஸ்க் பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது தட்டில் உரசிக் கிரீச்சென்று கத்தும். நம்மை எச்சரிக்கவே வைத்த சத்தம் அது. அதையும் கவனிக்காமல் ஓட்டினால் பேட் முழுவதும் தீர்ந்து, கல்லில் இரும்பைத் தீட்டுவது போன்ற கரகரப்பு கேட்கும். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது.

இரண்டாவது, எல்லாச் சத்தமும் ஆபத்தன்று. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் உரசல் கேட்டு நின்றுவிட்டால், அது தட்டின் மேல் படர்ந்த மெல்லிய துரு. தொடர்ந்து கேட்டால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

செட்டிநாட்டுச் சாலைகளில் மோட்டார்

1910-களின் தொடக்கத்தில் தி. வே. சுந்தரம் ஐயங்கார் புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் பஸ் விட்டார். அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். பள்ளத்தூருக்கு வடக்கே அதன் எல்லை. டி.வி.எஸ். எனப் பின்னாளில் பெயர் பெற்ற நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அந்தக் காலத்தில்தான் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த நகரத்தார் வீடுகளுக்கும் மோட்டார் கார்கள் வரத் தொடங்கின. மோட்டார் வாகனங்களுக்கென இந்தியா முழுமைக்குமான சட்டம் 1914-இல் வந்தது. பின்னர் 1939-லும் 1988-லும் புதிய சட்டங்கள் வந்தன.

அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் வேலை செய்தது இரும்புக் கம்பிகளால். மிதியை அழுத்தினால் கம்பி இழுக்கும். கம்பி இழுத்தால் ஷூ விரியும். ஃபோர்டு மாடல் டி காரில் கால் பிரேக் சக்கரத்தில்கூட இல்லை. கியர் பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கியது. கை லீவர்தான் பின்சக்கரங்களைப் பிடித்தது. பின்னர் நான்கு சக்கரங்களுக்கும் கம்பி வந்தது. ஆனால் நான்கு கம்பிகளும் ஒரே அளவு இழுபட்டால்தான் வண்டி நேராக நிற்கும். ஒன்று தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் ஓடும். ஆகவே அடிக்கடி குனிந்து பார்த்து, திருகி, கம்பிகளைச் சமப்படுத்துவது ஓட்டுநரின் வேலையாக இருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு அதன் பிரேக்கும் தெரிந்திருக்க வேண்டிய காலம் அது.

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் கோளாறு இன்றும் உண்டு, காரணங்கள்தான் மாறிவிட்டன. முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை அன்று, டயரின் காற்றை. இடப்பக்கமும் வலப்பக்கமும் காற்று அளவு வேறுபட்டாலே வண்டி இழுக்கும். அது சரியாக இருந்தால், காலிப்பர் ஒரு பக்கம் சிக்கியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். ரப்பர்க் குழாய் ஒன்று உள்ளே அடைத்திருக்கலாம்.

சிக்கிய சக்கரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெறிச்சோடிய சாலையில் சில கிலோமீட்டர் தூரம் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஓட்டி, மெதுவாக நிறுத்துங்கள். பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் வந்தது

கம்பிகளைச் சமப்படுத்தும் தொல்லைக்குத் தீர்வு, பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன விதியில் இருந்தது. மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் இந்த விதியைப் பிரேக்கில் கொண்டுவந்தார். விமான நிறுவனத்தால் புகழ்பெற்ற லாக்ஹீட் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 1921-இல் வந்த டியூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய்ப் பிரேக் இருந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதைப் பின்பற்றியது. ஃபோர்டு நிறுவனம் மட்டும் இரும்புக் கம்பியையே நம்பி, 1939 மாடலில்தான் எண்ணெய்க்கு மாறியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காலால் 20 கிலோ எடை அளவு அழுத்துகிறோம். மிதியின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 80 கிலோ விழும். அந்த பிஸ்டனின் விட்டம் 2 சென்டிமீட்டர், சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் எனில், பரப்பு விகிதம் 6.25. ஆகவே சக்கரத்தில் 500 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஆனால் இலவசமாக எதுவும் வருவதில்லை. விசை 6.25 மடங்கு கூடினால், பிஸ்டன் நகரும் தூரம் அதே அளவு குறையும். காலில் பல சென்டிமீட்டர் அழுத்தினாலும் சக்கரத்தில் பேட் நகர்வது மிகச் சிறிய தூரமே.

இங்கேதான் எண்ணெய்ப் பிரேக்கின் பலவீனம் இருக்கிறது. நீர்மம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி காற்று புகுந்தாலும், மிதியின் பயணம் முழுவதும் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். கம்பிப் பிரேக் தளரும்போது கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய்ப் பிரேக் கெடும்போது காலுக்கு மட்டுமே தெரியும். காலால் அறியும் குறிகள் மூன்று.

ஒன்று, மிதி பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது. இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டிப்பட்டால், உள்ளே காற்று இருக்கலாம். அல்லது டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். மிதித்து மிதித்துச் சமாளிப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. அவசரத்தில் இரண்டாம் மிதிக்கு நேரம் இருக்காது என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

இரண்டு, எஞ்சின் ஓடும்போது சீராக அழுத்திப் பிடித்தால் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போவது. எண்ணெய் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்கக் கூடாது.

மூன்று, எண்ணெய் அளவு குறைவது. பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் மேல் கோடும் கீழ்க் கோடும் தெரியும். பேட் தேயத் தேய அளவு மெதுவாக இறங்குவது இயல்பு. சில நாளில் சட்டென்று இறங்கினால் கசிவு. இரண்டையும் பிரித்தறியாமல் ஊற்றி நிரப்பிவிட்டால், டப்பா நமக்குத் தரும் செய்தியை நாமே அழித்துவிடுகிறோம்.

தொடக்கத்தில் பிரேக் ஆயிலாகப் பயன்பட்டவற்றில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவையும் ஒன்று. ஆமணக்கு நம் ஊர்ப் பயிர். இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகைச் செயற்கை நீர்மம். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற தரத்தில், புதிய ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 தரத்தில் இவை 230-ம் 155-ம். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி உண்டானால் மிதி தரைக்குப் போகும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான். எஞ்சின் ஆயிலை இதில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது ரப்பர் வாஷர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

டிஸ்க் மீண்டும் வந்த கதை

லான்செஸ்டரின் டிஸ்க் பிரேக் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒதுங்கியே இருந்தது. டிரம்மில் ஒரு வசதி உண்டு: சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த விசை போதும். ஆனால் மூடிய பெட்டிக்குள் வெப்பம் தேங்கும். 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. வெளியே திறந்திருக்கும் தட்டு எளிதில் ஆறியதால், அந்தக் கார் திரும்பத் திரும்பக் கடும் பிரேக் போட்டும் தளரவில்லை. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் வந்தது.

நம் நாட்டில் அம்பாசிடரும் ஃபியட்டும் நெடுங்காலம் டிரம் பிரேக்கோடு ஓடின. பின்னர் முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் என்ற அமைப்பு சிறிய கார்களில் வழக்கமாயிற்று. பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால், முன்சக்கரமே அதிக வேலை செய்கிறது.

டிஸ்க்கின் தனிக் குறை அதிர்வு. தட்டின் தடிமன் சீராக இல்லாவிட்டால், பிரேக் போடும்போது மிதியும் ஸ்டீயரிங்கும் துடிக்கும். டிரம்மின் தனிக் குறை நீர். மழைக்காலத்தில் கண்மாய் மறுகால் பாயும் சாலையைக் கடந்தபின் டிரம்முக்குள் தண்ணீர் நின்று பிரேக் வழுக்கும். மெதுவாக ஓட்டியபடியே மிதியை லேசாக அழுத்திப் பிடித்தால், உரசும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும்.

காற்றின் உதவியும் மின்னணுவும்

டிஸ்க்குக்கு அதிக விசை வேண்டும். அதற்கு உதவுவது வாக்யூம் பூஸ்டர். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு அது நம் காலுக்குத் துணை செய்கிறது. அது கெட்டால் மிதி கல்லாக இறுகும். வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள், மிதி கெட்டிப்படும். அப்படியே அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையோ அதற்குச் செல்லும் குழாயையோ பார்க்க வேண்டும்.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பை, மின்னணு வடிவில் 1978-இல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் காரில் கொண்டுவந்தன. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் அது கட்டாயம். கடும் பிரேக்கில் மிதி தடதடவென்று காலை உதைத்தால், ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது பயந்து காலை எடுக்கக் கூடாது.

பாடியும் அம்பத்தூரும்

பிரேக் செய்யும் தொழில் தமிழ்நாட்டில் சென்னைக்கு மேற்கே வேரூன்றியது. டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் சுந்தரம் கிளேட்டனும் வந்தது. அது லாரி, பஸ்களுக்கான காற்றுப் பிரேக்குகளைச் செய்தது. லைனிங் செய்யும் ரானே பிரேக் லைனிங்ஸ் 1964-லும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-லும் தோன்றின. தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது. புதுக்கோட்டைச் சாலையில் பஸ் விட்டுத் தொடங்கிய குழுமம் அரை நூற்றாண்டுக்குள் வண்டியை நிறுத்தும் கருவிகளையும் செய்யலாயிற்று.

பாடியை அடுத்த அம்பத்தூருக்கும் பள்ளத்தூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் அ. மு. முருகப்பச் செட்டியார் 1900-இல் பர்மாவில் தொடங்கிய வணிகமே முருகப்பா குழுமமாக வளர்ந்தது. அக்குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை நிறுவி, அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. சைக்கிளின் சக்கர விளிம்பை இருபுறமும் இரு கட்டைகள் கவ்வுவதை உற்றுப் பாருங்கள். லான்செஸ்டரின் டிஸ்க்கும் பேட்டும் அதே தத்துவம்தான். விளிம்பே அங்கே தட்டு. கார் பிரேக்கைப் படிக்க விரும்பும் மாணவருக்கு வீட்டுச் சைக்கிளே முதல் பாடநூல்.

கல்நாரின் விலை

கல்நார் வெப்பத்தைத் தாங்கியது, விலையும் மலிவு. ஆனால் அதன் நுண்ணிய இழைத்தூள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இங்கிலாந்து 1999-இல் அதைத் தடைசெய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நாரின் பயன்பாடு இன்னும் முழுமையாகத் தடைசெய்யப்படவில்லை. இன்று கல்நார் இல்லாத லைனிங்குகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆயினும் பழைய வண்டியின் டிரம்முக்குள் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே டிரம்மைக் கழற்றி வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் தூசியை அடிப்பதும், உலர்ந்த துணியால் தட்டுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கூடமாட நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை முதலில் அனுப்பிவிட வேண்டும்.

பூட்டிய வீடும் நின்ற வண்டியும்

செட்டிநாட்டு ஊர்களில் பல பெரிய வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு, பொங்கல் என்றால் திறப்பார்கள். கொட்டகையில் நின்ற காரையும் அன்றுதான் எடுப்பார்கள். ஓடிய வண்டியைவிட நின்ற வண்டியின் பிரேக்கைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். தட்டில் துரு ஏறும். ஆயிலில் ஈரம் சேரும். போட்டு வைத்த ஹேண்ட் பிரேக்கின் கேபிளோ ஷூவோ ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் என் காரில் கற்றேன். மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பி வண்டியைக் கிளப்பினேன். மிதி வழக்கத்தைவிடக் கீழே போனது. இரண்டு முறை மிதித்ததும் சரியாயிற்று. தெருவைச் சுற்றி வந்தேன், நன்றாகவே நின்றது. அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகும் திட்டம் இருந்தது. மனம் உறுத்தியதால் மறுநாள் பானட்டைத் திறந்தேன். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் படர்ந்திருந்தது. வீல் சிலிண்டர் கசிந்திருந்தது. சமவெளி அந்தக் குறையை என்னிடம் மறைத்துவிட்டது.

மலை எதையும் மறைக்காது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறக்கம் ஏறத்தாழ 1800 மீட்டர். 1000 கிலோ கார் அதில் இழக்கும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கின் தலையில் விழும். மேலே ஏறிய அதே கியரில் கீழே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள், எஞ்சினுக்கு அதிகப் பங்கைக் கொடு என்பதுதான்.

நாள்பட நின்ற வண்டியை எடுக்குமுன் பின்வரும் வரிசையில் பாருங்கள்:

1. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அல்லது கட்டை முட்டுக் கொடுங்கள்.
2. பிரேக் ஆயில் டப்பாவில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். காப்பிக் கஷாயம் போலக் கருத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.
3. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் தரையிலும் ஈரக் கறை உண்டா என்று பாருங்கள்.
4. எஞ்சினை நிறுத்தி வைத்து மிதியைச் சோதியுங்கள்; பின் பூஸ்டர் சோதனை செய்யுங்கள்; எஞ்சின் ஓடும்போதே அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிதி இறங்குகிறதா என்று கவனியுங்கள்.
5. ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். டேஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால், ஹேண்ட் பிரேக்கையும் ஆயில் அளவையும் பாருங்கள்.
6. முட்டுக் கட்டைகளை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டி தடையின்றி உருள்கிறதா என்று பாருங்கள்.
7. ஆளில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். அதன்பின் சற்றுக் கூடுதல் வேகத்தில் நிறுத்தி, இழுக்கிறதா, துடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவும் பார்ப்பது வீட்டு வேலை. கழற்றுவது பட்டறை வேலை. காற்று எடுப்பது, சிலிண்டர் மாற்றுவது, லைனிங் மாற்றுவது ஆகியவற்றை அறிந்தவரிடம் விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது.

நிறைவாக

1872-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த தானியங்கி ரயில் பிரேக்கில், குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். காரின் கால் பிரேக்கோ, எண்ணெய் போனால் பிடிக்காமல் போகும். அதனால்தான் ஒரு வழியில் எண்ணெய் போனாலும் மறு வழி வேலை செய்யும்படி இன்றைய கார்களில் எண்ணெய்ப் பாதையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கால் பிரேக்கோடு தனியாக ஹேண்ட் பிரேக்கும் இருக்க வேண்டும் என்று நம் மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன.

இத்தனை காப்பு இருந்தும் ஒரு குறை வரலாற்றில் வளர்ந்தே வந்திருக்கிறது. பிரேக் நம்பகமாக ஆக ஆக, அதைக் கவனிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. கம்பிப் பிரேக் காலத்து ஓட்டுநர் வண்டியைக் குனிந்து பார்த்தார். நாம் சாவியைத் திருகியதும் புறப்படுகிறோம். கருவி மாறலாம், புறப்படும் முன் குனிந்து பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் மாறத் தேவையில்லை.